சங்கம் கண்ட சகோதரி

ஒரு நகரத்திற்குப் புதிதாகக் குடிவரும் குடும்பத்தில், வேலைக்குச் செல்பவருக்கு அலுவலகத்தில் நண்பர் கிடைத்துவிடுவர். பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைத்துவிடுவர். வீட்டில் இருக்கும் பெண்ணுக்குத் தோழியர் கிடைப்பது அத்துணை எளிதன்று. அண்டை வீட்டாரின் மொழி வேறாக இருந்தால் இன்னும் கடினம். இன்று தொலைபேசி உண்டு. குடியிருப்போர் சங்கம் உண்டு. கோயில் விழாவும் பொங்கல் விழாவும் உண்டு. நூறாண்டுகளுக்கு முன் இவற்றுள் பல இல்லை. இருந்தவற்றிலும் எல்லாப் பெண்களும் கலந்துகொள்ள முடிந்ததில்லை. அத்தகைய காலத்தில், சென்னை நகரப் பெண்கள் ஓரிடத்தில் கூடி அமரவும், ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும், அறிஞர் உரைகளைக் கேட்கவும் ஒரு சங்கத்தைத் தொடங்கியவர் சகோதரி சுப்பலட்சுமி. சங்கம் தோன்றிய ஆண்டு 1912. அதனைத் தோற்றுவித்தவர், மங்கல நிகழ்ச்சிகளுக்கு அழைக்கப்படாத ஓர் இளம் கைம்பெண்.

பிறப்பும் இளமையும்

சுப்பலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் ஆர்.வி. சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி. இவர்களின் முன்னோர் ஊர் தஞ்சை மாவட்டத்திலுள்ள ரிஷியூர். பெற்றோருக்கு முதற் குழந்தையாகிய சுப்பலட்சுமி படிப்பில் சூட்டிகையானவர். நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில், ஒன்பது வயதில், செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார்.

ஆனால் அக்காலத்து வழக்கம் தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. பெண் குழந்தை பூப்பெய்தும் முன்னரே மணம் முடிக்க வேண்டும் என்று குடும்பங்கள் கருதின. சுப்பலட்சுமிக்கும் பன்னிரண்டு வயது நிறையும் முன்னரே திருமணம் நடந்தது. சில நாளிலேயே கணவர் இறந்தார். திருமணம் என்பது இன்னதென்று அறியாத சிறுமி கைம்பெண் ஆனாள்.

கைம்மை என்பது அன்று வெறும் துயரம் மட்டுமன்று. வாழ்நாள் முழுவதும் நீளும் தண்டனை. குறிப்பாகப் பிராமணக் குடும்பங்களில் கைம்பெண்ணின் தலையை மழிப்பர். வண்ண உடையும் பூவும் பொட்டும் விலக்கப்படும். ஒரு வேளை உணவே உரியது என்பர். திருமண வீட்டில் அவள் முன்னே வரலாகாது. பயணம் புறப்படுவோர் எதிரே நிற்கலாகாது. அடுக்களையே அவளுக்கு உலகம். திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் சுவரோடு சுவர் ஒட்டி நீளும் அக்கிரகார வீடுகளை மாணவர்கள் பார்த்திருக்கலாம். தெருவில் ஆயிரம் பேர் நடமாடினாலும், அத்தகைய ஒரு வீட்டின் பின்கட்டில் ஒரு சிறுமி யாரோடும் பேசாமல் ஆண்டுக்கணக்கில் வாழ முடிந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுப்பலட்சுமிக்கு அந்நிலை வரவில்லை. அவருடைய பெற்றோர் மகளின் தலையை மழிக்க இசையவில்லை. அவரைப் படிக்க வைப்பதே தக்க வழி எனத் தந்தையார் முடிவு செய்தார். இம்முடிவை இன்று வாசிக்கும்போது இயல்பானதாகத் தோன்றும். அன்றோ உற்றாரும் ஊராரும் ஒருசேர எதிர்த்த முடிவு அது.

கல்வியும் ஒரு சித்தியும்

இந்த இடத்தில் மற்றொருவரைக் குறிப்பிடாமல் மேலே செல்வது முறையன்று. அவர் சுப்பலட்சுமியின் சித்தி வாலாம்பாள். அவரும் இளமையிலேயே கணவரை இழந்தவர். தமக்கையின் மகள் பள்ளிக்குச் செல்வதற்குத் துணையாக வீட்டைக் கவனித்துக்கொண்டவர் அவரே. பின்னாளில் சுப்பலட்சுமி அமைத்த இல்லத்தின் அன்றாடப் பொறுப்பைத் தாங்கியவரும் அவரே. புகழ் ஒருவருக்குக் கிடைக்கிறது. அப்புகழுக்கு விறகும் நீரும் சுமந்தவர் பெயர் பல வேளைகளில் பின்னே நின்றுவிடுகிறது.

எழும்பூரில் கிறித்தவத் துறவியர் நடத்திய பிரசன்டேஷன் கான்வென்ட் பள்ளியில் சுப்பலட்சுமி பயின்றார். தம் வாழ்வு முழுவதையும் பிறர் பிள்ளைகளின் கல்விக்கே அளித்துவிட்ட அத்துறவியரின் தொண்டு அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. அவர் தம் சமயத்தை விடவில்லை. ஆனால் அந்த வாழ்க்கை முறையை எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் நாடு அவரைச் சகோதரி என்றே அழைத்தது பொருத்தமானதே.

பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1911ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் எனப் போற்றப்படுகிறார்.

அவர் பிறந்த அதே 1886ஆம் ஆண்டில் பிறந்த மற்றொரு பெண்மணியின் வரலாறு திருவனந்தபுரம் மாணவர்களுக்கு அருகில் உள்ளது. மேரி புன்னன் லூக்கோஸ் என்பது அவர் பெயர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், பெண் என்ற காரணத்தால் அறிவியல் பாடப்பிரிவில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. வரலாறு பயின்று பட்டம் பெற்று, இலண்டன் சென்று மருத்துவம் படித்துத் திரும்பினார்; தைக்காட்டிலுள்ள பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார்; 1938இல் திருவிதாங்கூர் அரசின் தலைமை மருத்துவ அதிகாரியானார். அவரும் மருத்துவத்தோடு நின்றுவிடவில்லை. இந்நகரின் இளங் கிறித்தவ மகளிர் சங்கத்திற்கு நெடுங்காலம் தலைமை தாங்கினார். கதவு அடைக்கப்பட்ட அனுபவம் உடையவர்களே பிறருக்குக் கூடுமிடம் அமைக்க முந்தினர் போலும்.

சாரதா மகளிர் சங்கம்

அக்காலச் சென்னையில் ஆண்களுக்குக் கூடுமிடங்கள் பல இருந்தன. ஐரோப்பியருக்கென 1832இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிளப் இருந்தது. அங்கே இந்தியருக்கு இடமில்லை. அதனால் 1873இல் காஸ்மாபாலிடன் கிளப் தோன்றியது. வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் மாலையில் அங்கே சென்று பேசினர், படித்தனர், விளையாடினர். நட்பு வளர்ந்தது, நட்பின் வழியே பதவிகளும் பொதுப்பணிகளும் வளர்ந்தன. இவர்கள் வீட்டுப் பெண்கள் எங்கே கூடினர்? கிணற்றடியில், கோயிலில், கல்யாண வீட்டில். அவ்விடங்களிலும் பேச நேரம் சிறிது; பேசும் பொருளோ இன்னும் சிறிது. கைம்பெண்களுக்குக் கல்யாண வீடும் இல்லை.

நாட்டின் பிற பகுதிகளில் இக்குறையை உணர்ந்த பெண்கள் சிலர் இருந்தனர். வடக்கே அலகாபாத்தில் 1910ஆம் ஆண்டு சரளாதேவி சௌதுராணி பாரத ஸ்திரீ மகாமண்டல் என்னும் அமைப்பைத் தொடங்கினார். புனே நகரில் ரமாபாய் ரானடே சேவா சதன் என்னும் நிறுவனத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். கைம்பெண்களின் கல்விக்காகக் கார்வே புனேயில் 1896இலேயே முயற்சி தொடங்கிவிட்டார். தெற்கே அத்தகைய முயற்சி காத்திருந்தது.

பட்டம் பெற்ற மறு ஆண்டில் சுப்பலட்சுமி சாரதா மகளிர் சங்கத்தைத் தோற்றுவித்தார். சாரதா என்பது கலைமகளின் பெயர். இல்லத்தரசியரும் பிற பெண்களும் கூடுதற்கு ஓர் இடம் தருவது, அறிஞர் உரைகளைக் கேட்கச் செய்வது, பொதுச் செய்திகளைக் கலந்துரையாடச் செய்வது, அவர்களையே கல்வி கற்கத் தூண்டுவது ஆகியன சங்கத்தின் பணிகள். இவற்றோடு மற்றொரு நோக்கமும் இருந்தது: இளம் கைம்பெண்கள் தங்கிப் படிப்பதற்கு ஓர் இல்லம் அமைக்கப் பொருள் திரட்டுவது.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது பெரிய செயலாகத் தோன்றாது. ஒரு கூட்டம், ஒரு சொற்பொழிவு, சிறிது நன்கொடை. அவ்வளவுதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒரு குடும்பப் பெண் அக்கூட்டத்திற்கு வந்து சேர்வதற்கு எத்தனை தடைகள் இருந்தன என்று பார்க்க வேண்டும். முதலில் மாமியாரின் இசைவு வேண்டும். சமையல் முடிந்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தெருவில் தனியே நடப்பது மரியாதைக் குறைவு எனக் கருதப்பட்டதால் துணையோ வண்டியோ வேண்டும். இவ்வளவும் அமைந்த பின்னரும், எங்கே போகிறாய், யார் வீட்டு விசேஷம் என்று யாரேனும் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டும். விசேஷம் எதுவும் இல்லாமல், பிற பெண்களைச் சந்திப்பதற்காக மட்டுமே வெளியே செல்வது என்பது புதிய வழக்கம். கூட்டத்தில் பேசப்பட்ட பொருளைவிட, கூட்டத்திற்கு வந்ததே பலருக்கு முதற் பாடமாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். அழைத்தவர் ஒரு கைம்பெண். அவர் எதிரே வருவதே நல்லதன்று என நம்பிய சமூகத்தில், சுமங்கலிப் பெண்கள் அவர் அழைப்பை ஏற்று வந்து, ஒரே பாயில் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்பது சிறிய மாற்றமன்று. மேடையேறி அவர் அந்த நம்பிக்கையைக் கண்டித்தாரா என்பது முதன்மையானதன்று. வந்தவர்கள் அடுத்த முறையும் வந்தார்கள், சங்கம் நிலைத்தது, அதன் பெயரில் பின்னர் ஒரு பள்ளியும் எழுந்தது. அறிமுகம் நட்பாகிய பின்பு பழைய அச்சம் எவ்வாறு நிற்கும்?

ஐந்தாண்டுகள் கழித்து, 1917ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசர், அன்னி பெசன்ட் ஆகியோர் அதன் முன்னோடிகள். பல ஊர்களில் கிளைகள் விட்டு, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நின்ற பேரமைப்பு அது. அந்தப் பேரமைப்பின் புகழுக்கிடையே, அதே நகரில் முன்னரே தொடங்கிய சாரதா சங்கத்தின் பெயர் இன்று பலருக்குத் தெரிவதில்லை.

பனிக்கட்டி வீட்டில் ஒரு பள்ளிக்கூடம்

இல்லம் முதலில் எழும்பூரில் சுப்பலட்சுமியின் வீட்டிலேயே, விரல்விட்டு எண்ணத்தக்க சிறுமியருடன் தொடங்கியது. பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அம்மையார் அரசின் உதவி கிடைக்கத் துணை நின்றார். சிறுமியர் எண்ணிக்கை பெருகப் பெருக வீடு போதவில்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடத்திற்கு இல்லம் இடம் பெயர்ந்தது.

இக்கட்டடத்தின் கதை சுவையானது. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் அமெரிக்காவில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டி எடுத்துக் கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். அதைச் சேமித்து வைக்க 1842ஆம் ஆண்டு கட்டப்பட்டதே அந்த வட்ட வடிவ வீடு. பனிக்கட்டி வணிகம் நின்றபின் அது பிலிகிரி ஐயங்கார் என்பவரின் இல்லமாயிற்று. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அவர் பெயராலேயே விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே அது கைம்பெண் சிறுமியரின் வீடாக இருந்தது. பின்கட்டில் அடைபட்டிருக்க வேண்டிய பிள்ளைகள் கடற்காற்று வீசும் கூடத்தில் அமர்ந்து பாடம் படித்தனர். ஒத்த வயதினரோடு விளையாடினர். தங்களைப் போன்றே இன்னும் பலர் இருக்கின்றனர் என்பதை அவர்கள் அங்கேதான் அறிந்தனர்.

ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிற சாதிப் பெண்களுக்கு இடமில்லாதது அன்றே கண்டனத்திற்கு உள்ளாயிற்று. சாதி வழக்கங்கள் காக்கப்படும் என்ற உறுதி இல்லாவிட்டால் எந்தக் குடும்பமும் பெண்ணை அனுப்பாது என்பது இல்லத்தாரின் விளக்கம். அவ்விளக்கம் அக்காலத்து நிலையைக் காட்டுகிறது, குறையை நீக்கிவிடவில்லை. சுப்பலட்சுமி இல்லத்தின் அருகிலிருந்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்காகவும் பள்ளி நடத்தினார் என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இல்லத்தில் படித்த பெண்கள் பலர் ஆசிரியர்களாயினர். பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி அளிக்கும் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி 1922இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வராகச் சுப்பலட்சுமி பொறுப்பேற்றார். சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்யாலயா என்னும் பள்ளியும் உருவாயிற்று; பின்னாளில் இராமகிருஷ்ண மிஷன் அதனை ஏற்று நடத்தியது. அவருடைய பணியைப் பாராட்டி அரசு 1920இல் கெய்சர்-இ-ஹிந்து தங்கப்பதக்கம் வழங்கியிருந்தது.

அரசுப் பணியும் பொதுப் பணியும்

அரசு ஊழியர் என்ற நிலை அவருக்கு வலிமையும் தந்தது, விலங்கும் ஆயிற்று. அரசுப் பணியில் இருப்பவர் என்பதால் இந்திய மாதர் சங்கத்தில் உறுப்பினராக அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. பெண்கள் கூடுவதற்குச் சங்கம் அமைத்தவரே, நாடு தழுவிய பெண்கள் அமைப்பில் உறுப்பினராக முடியாமல் நின்றார். 1927இல் தொடங்கிய அனைத்திந்திய மாதர் மாநாடு என்னும் அமைப்பின் பத்தாவது கூட்டம் 1935 டிசம்பர் இறுதியில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. திருவிதாங்கூர் மகாராணி சேது பார்வதி பாய் தலைமை தாங்கினார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பல மொழி பேசும் பெண்கள் இந்நகருக்கு வந்து கூடினர்.

சுப்பலட்சுமி தமக்கு இருந்த வழிகளில் செயல்பட்டார். இந்திய மாதர் சங்கத்தின் தனிக் கூட்டங்களில் கலந்துகொண்டார். குழந்தைத் திருமணத்தைப் பற்றி ஆராய அரசு அமைத்த ஜோஷி குழுவின் முன் சாட்சியம் அளித்தார். தம் வாழ்வையே சான்றாகக் கொண்டு பேசத் தகுதி பெற்றவர் அவரைவிட யார்? குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் திருமண வயது குறைந்தது 14 என அச்சட்டம் வரையறுத்தது. இன்றைய அளவில் அதுவும் குறைவே.

மீண்டும் மயிலாப்பூர்

பணியிலிருந்து ஓய்வு பெறுபவர் பலர் ஈசிச்சேரை நாடுவர். சுப்பலட்சுமி இல்லத்தரசியரை நாடினார். 1942ஆம் ஆண்டு மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். அது வயது வந்த பெண்களுக்கான பள்ளி. சிறுவயதில் படிப்பு நின்றுபோனவர்கள், பேரக்குழந்தை எடுக்கும் வயதில் இருந்தவர்களும்கூட, புத்தகத்தோடு வந்து அமர ஓரிடம் கிடைத்தது. சங்கத்திற்கு வரத் தயங்கிய ஒரு தலைமுறையைப் பார்த்தவர், வகுப்பறைக்கே வரத் துணிந்த அடுத்த தலைமுறையையும் பார்த்தார்.

1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்கள், குழந்தைகள் நல மையம் ஒன்றை நிறுவினார். மயிலாப்பூர் மகளிர் கிளப்பும் அவரைத் தலைவராகக் கொண்டது.

அந்தக் கிளப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சாரதா சங்கம் தோன்றிய நாளில் பெண்கள் வீட்டை விட்டு வரக் காரணம் தேட வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மயிலாப்பூரில் மகளிர் கிளப் என்பது யாரையும் வியப்பிலாழ்த்தாத ஒன்றாகிவிட்டது. பெண்கள் வந்தனர்; பேசினர்; பொழுது போயிற்று. எழுபது வயதை நெருங்கிய தலைவர் அந்த நட்பை அவ்வளவில் விட்டுவிடவில்லை. கிளப்பின் உறுப்பினர்களைக் கொண்டே ஒரு பள்ளிக் கழகத்தை அமைத்தார். அதன் விளைவாக 1956இல் உருவான பள்ளி வித்யா மந்திர் எனப் பெயர் பெற்றது. தோழியராகக் கூடியவர்கள் ஒரு பள்ளியின் பொறுப்பாளர்களாயினர். 1912இல் நடந்ததும் இதுவே: முதலில் பெண்கள் ஒருவரையொருவர் அறிந்தனர், அதன்பின் இல்லமும் பள்ளியும் எழுந்தன.

1958இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. ஆங்கில எழுத்தாளர் மோனிகா பெல்டன் அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார். 1966இல் அந்நூல் வெளிவந்தபோது சுப்பலட்சுமிக்கு வயது எண்பது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, அவர் இயற்கை எய்தினார். மயிலாப்பூர் மகளிர் கிளப்பார் தொடங்கிய வித்யா மந்திர் பள்ளி இன்றும் அங்கே நடைபெற்று வருகிறது.